பழைய குரல் திரும்பினால்தான் பழைய கார்ட்டூன் திரும்பும்: ‘ஃபியூச்சராமா’ குரல் நடிகர்கள் பற்றிய கேள்வி பதில்

நின்றுபோன கார்ட்டூன் ஒன்று திரும்ப வருகிறது என்று செய்தி வந்தால், ரசிகர்கள் முதலில் கேட்பது “பழைய ஆட்களேதான் பேசுகிறார்களா?” என்றுதான். யார் வரைகிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். அமெரிக்க நகைச்சுவைத் தொடரான ‘ஃபியூச்சராமா’ ஒரு தடவை இல்லை, பல தடவை நின்று எழுந்த தொடர். அதனால் இந்தக் கேள்வியைப் பேச அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நண்பர்களும் இதைப் பார்க்கத் தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் ஒரு அத்தியாயம்கூடப் பார்த்ததில்லை. கதை என்ன?

நியூயார்க்கில் வீடு வீடாகப் பீட்ஸா கொண்டுபோய்க் கொடுக்கும் ஃபிரை என்ற 25 வயதுப் பையன், 1999ஆம் ஆண்டின் கடைசி இரவில் உறைகலன் ஒன்றுக்குள் விழுந்துவிடுகிறான். ஆயிரம் வருடம் கழித்துக் கண் விழிக்கிறான். அங்கே அவனுக்கு ஒரு விண்வெளி கூரியர் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. கப்பல் ஓட்டுபவள் ஒற்றைக் கண் லீலா. உடன் வேலை செய்யும் ரோபோ பெண்டருக்குச் சாராயம்தான் பெட்ரோல். முதலாளி, தள்ளாத வயதிலும் ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கும் பேராசிரியர் ஃபார்ன்ஸ்வொர்த். கம்பெனி டாக்டர் ஸாய்ட்பெர்க் நண்டு மாதிரி ஒரு வேற்றுக்கிரகவாசி. மனித உடம்பைப் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எத்தனை முறை நின்றது, எத்தனை முறை திரும்பியது?

மேட் க்ரேனிங் உருவாக்கி, டேவிட் எக்ஸ். கோஹனோடு சேர்ந்து வளர்த்த தொடர் இது. 1999 மார்ச் 28 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2003 ஆகஸ்டில் 72 அத்தியாயங்களோடு நின்றது. ஆனால் இன்னொரு சேனலில் மறுஒளிபரப்பு நன்றாக ஓடியது, டிவிடிகளும் நன்றாக விற்றன. அந்தத் தைரியத்தில் 2007 முதல் 2009 வரை நான்கு முழுநீளப் படங்கள் நேரடியாக டிவிடியில் வந்தன. அடுத்து காமெடி சென்ட்ரல் என்ற சேனல் எடுத்துக்கொண்டு 2010 ஜூனிலிருந்து 2013 செப்டம்பர் வரை ஒளிபரப்பியது. பத்து வருட இடைவெளிக்குப் பிறகு 2023 ஜூலை 24 அன்று ஹுலு ஸ்ட்ரீமிங் தளத்தில் மறுபடி உயிர் வந்தது. 2024, 2025 ஆண்டுகளிலும் புது அத்தியாயங்கள் வந்திருக்கின்றன.

இதில் நடிகர்களுக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். “இதுதான் கடைசி” என்று நினைத்து அவர்கள் 2003இல் ஒரு முடிவுக்குப் பேசினார்கள், 2009இல் இன்னொரு முடிவுக்குப் பேசினார்கள், 2013இல் மறுபடியும் ஒன்றுக்குப் பேசினார்கள். ஒவ்வொரு முறையும் விடைபெற்றுப் போய், ஒவ்வொரு முறையும் அதே மைக் முன்னால் வந்து நின்றார்கள்.

இதுவும் நம்ம ஊர் டப்பிங் மாதிரிதானே?

இல்லை, தலைகீழ். நம் சினிமாவில் நடிகர் முதலில் நடித்துவிடுகிறார். டப்பிங் கலைஞர் பிறகு திரையைப் பார்த்து, உதடு அசையும் கணக்குக்குள் வசனத்தை உட்கார வைக்கிறார். அதுவும் பெரிய வித்தைதான். இங்கே முதலில் பதிவாவது குரல். திரையில் பார்ப்பதற்கு அப்போது ஒன்றுமே இருக்காது. கையில் வசனத்தாள், எதிரே மைக், காதில் ஹெட்போன், அவ்வளவுதான். எழுத்தாளர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நடிகர்கள் முழுக் கதையையும் ஒருமுறை வாசித்துக் காட்டுவார்கள். எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது, எந்த நகைச்சுவை விழவில்லை என்று பார்த்து எழுத்தைத் திருத்துவார்கள். அதன் பிறகுதான் ரெக்கார்டிங். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஓவியர்கள் முகத்தை வரைவார்கள்.

அதாவது கண்ணை எப்போது சிமிட்டுவது, தோளை எவ்வளவு தொங்கப்போடுவது என்பதற்கெல்லாம் வழி காட்டுவது குரல். ஸாப் பிரானிகன் என்ற வீராப்புத் தளபதியிடம் மாட்டிக்கொண்ட கிஃப் என்ற பச்சை நிறத் துணை அதிகாரியை எடுத்துக்கொள்ளுங்கள். தளபதி ஏதாவது உளறும்போதெல்லாம் கிஃப் ஒரு பெருமூச்சு விடுவார். வசனம் கிடையாது, வெறும் மூச்சு. சலிப்பு, வெறுப்பு, “இந்த மாதச் சம்பளத்துக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்” என்ற எண்ணம் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்த மூச்சை விட்டவர் மோரிஸ் லமார்ஷ். கிஃப்பின் முகத்தை வரைந்தவர்கள் அதற்கு இடம் விட்டு வரைந்தார்கள்.

யார் யாருக்கு யார் குரல்?

ஃபிரை, பேராசிரியர், ஸாய்ட்பெர்க், ஸாப் பிரானிகன் நால்வரும் ஒரே ஆள்: பில்லி வெஸ்ட். பெண்டர், ஜான் டிமாஜியோ. லீலா, கேட்டி சேகல். கம்பெனிக் கணக்கு வழக்கு பார்க்கும் ஜமைக்காக்காரர் ஹெர்மிஸ், ஃபில் லமார். மாணவி ஏமி, லாரன் டாம். மாம் என்ற கொடுமைக்கார முதலாளியம்மாவும் இன்னும் எண்ணற்ற பெண் பாத்திரங்களும் ட்ரெஸ் மெக்நீல். கிஃப்பும், வில்லன்களில் பாதிப்பேரும் லமார்ஷ். துப்புரவாளர் ஸ்க்ரஃபி, டேவிட் ஹெர்மன். லீலா வளர்க்கும் நிப்லர் என்ற குட்டி மிருகத்தின் சத்தம், விலங்குக் குரல்களுக்குப் பேர்போன ஃபிராங்க் வெல்கர். 1999இல் இருந்த இந்தக் கூட்டம்தான் 2023இலும் இருந்தது. தொலைக்காட்சி உலகில் இது சாதாரண விஷயமில்லை.

ஒரே ஆள் நான்கு முக்கியப் பாத்திரமா? எப்படி முடிகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஃபிரைக்கு வெஸ்ட் எடுத்துக்கொண்டது தன் சொந்தக் குரலை, தான் 25 வயதில் பேசிய விதத்தை. மூக்கால் வரும் ஒரு சின்னச் சிணுங்கல், எதைக் கேட்டாலும் “அப்படியா?” என்று வாய் பிளக்கிற தொனி. பேராசிரியருக்கு, பழைய ஹாலிவுட் நடிகர்கள் பர்ஜெஸ் மெரிடித், ஃபிராங்க் மார்கன் இருவரையும் கலந்து நடுங்கும் குரல் ஒன்றைச் செய்தார். ஸாய்ட்பெர்க்குக்கு அவர் யோசித்தது இன்னும் அழகு. இந்த டாக்டரின் வாயை மூடி மாமிச விழுதுகள் தொங்குகின்றன, அப்படியென்றால் பேச்சு அவற்றுக்குள் புகுந்து குழறிக்கொண்டுதானே வர வேண்டும்? அந்தக் குழறலோடு ஜார்ஜ் ஜெஸல், லூ ஜகோபி என்ற இரு பழைய யூத நகைச்சுவைக் கலைஞர்களின் இழுவையைச் சேர்த்தார். முகத்தைப் பார்த்துக் குரலைக் கண்டுபிடிப்பது என்பது இதுதான்.

இந்த மூவரும் ஒரே அறையில் நின்று ஒருவரையொருவர் வெட்டிப் பேசும் காட்சிகள் தொடர் முழுக்க உண்டு. ஃபிரை ஒன்றைக் கேட்பான், பேராசிரியர் காது கேட்காமல் வேறு ஒன்றைச் சொல்வார், நடுவில் ஸாய்ட்பெர்க் வந்து தனக்கு யாரும் சாப்பாடு போடவில்லை என்று புலம்புவார். ஒரு தொண்டையிலிருந்துதான் மூன்றும் வருகின்றன என்று தெரிந்த பிறகும் என் காது அதை நம்ப மறுக்கிறது. குரல் வேறாக இருப்பது மட்டும் காரணமில்லை. ஃபிரை தன் வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் நிறுத்துவான். பேராசிரியர் வாக்கியத்தின் நடுவே தூங்கிவிடுவார். ஸாய்ட்பெர்க் வாக்கியத்தைத் தலைகீழாகக் கட்டுவார். ஒவ்வொருவரின் மூச்சுக் கணக்கும் வேறு.

அமெரிக்க முன்னாள் அதிபர் நிக்சனின் தலை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் உயிரோடு இருப்பதாகவும் இந்தத் தொடரில் வரும். அதற்கும் வெஸ்ட்தான். நிக்சன் தலை பேசி முடித்ததும் ஓநாய் மாதிரி ஓர் ஊளை விடும். கென்னடியுடனான விவாதத்தில் சவரம் செய்யாத மாதிரித் தெரிந்த நிக்சன் முகத்தைப் பார்த்து, இவர் ஓநாய் மனிதனாக மாறிக்கொண்டிருக்கிறாரோ என்று தனக்குத் தோன்றியதாக வெஸ்ட் சொல்லியிருக்கிறார். ஊளை அங்கிருந்து வந்தது.

ஸாப் பிரானிகன் வேறொருவருக்காக எழுதப்பட்டது என்கிறார்களே?

உண்மைதான். ஃபில் ஹார்ட்மன் என்ற அருமையான நகைச்சுவை நடிகர் அந்தப் பாத்திரத்தைப் பேசுவதாக இருந்தது. 1998 மே 28 அன்று, தொடர் வெளிவருவதற்குப் பத்து மாதம் முன்னால், அவர் கொலை செய்யப்பட்டார். ஃபிரையின் முதல் பெயரான ஃபிலிப், அவர் நினைவாக வைக்கப்பட்டது. பிரானிகன் பாத்திரம் வெஸ்ட்டிடம் வந்தது. பழைய வானொலி அறிவிப்பாளர்களின் கனத்த குரலை எடுத்துக்கொண்டு, ஹார்ட்மன் இருந்திருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பாரோ அந்தப் பக்கமாகவே வெஸ்ட் அதைக் கொண்டுபோனார். பிரானிகன் மார்பை நிமிர்த்திப் பேசுவதைக் கேட்டு நான் சிரிக்கும்போதெல்லாம் ஹார்ட்மன் ஞாபகமும் கூடவே வந்துவிடுகிறது.

பெண்டர் குரல் எப்படிப் பிறந்தது?

டிமாஜியோ குரல் தேர்வுக்குப் போனபோது அந்தக் குரலைப் பயன்படுத்தியது பேராசிரியர் வசனத்துக்கு. பெண்டர் வசனத்தை வேறு குரலில் பேசிக் காட்டியிருக்கிறார். கடைசியில் முதல் குரல்தான் ரோபோவுக்குப் போய்ச் சேர்ந்தது. மதுக்கடையில் ஓரமாக உட்கார்ந்து உளறும் குடிகாரர், கௌபாய் பட நடிகர் ஸ்லிம் பிக்கன்ஸ், கல்லூரி நண்பர் ஒருவர் விளையாட்டாகப் பேசிக் காட்டும் கற்பனை மனிதர், இந்த மூன்றையும் பிசைந்து செய்தது அது என்பார்.

கவனித்தீர்களா, இதில் எந்திரத்தின் ஒலியே இல்லை. ரோபோ என்றால் உலோகத் தட்டில் தட்டுகிற மாதிரிக் குரல் என்று எல்லோரும் செய்துகொண்டிருந்த காலத்தில், வயிற்றுக்குள்ளிருந்து கரகரவென்று எழும் மனிதக் குரல் ஒன்று ரோபோவுக்குக் கிடைத்தது. பெண்டர் திருடினாலும் பொய் சொன்னாலும் நமக்கு அவன்மேல் பாசம் விடாததற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து.

2022இல் பெண்டர் இல்லாமலே தொடர் வரப்போகிறது என்று ஒரு பரபரப்பு. என்ன நடந்தது?

2022 பிப்ரவரி 9 அன்று ஹுலு 20 புது அத்தியாயங்களை அறிவித்தது. பழைய நடிகர்கள் பெயர்கள் இருந்தன, டிமாஜியோ பெயர் இல்லை. சம்பளப் பேச்சு முடியவில்லை. வேறு ஆள் பெண்டராகப் பேசக்கூடும் என்று செய்தி பரவ, ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். தனக்கு மட்டும் கூடுதலாகக் கேட்கவில்லை, எல்லா நடிகர்களுக்கும் கூடுதலாகத் தர வேண்டும் என்பதே தன் நிலை என்று டிமாஜியோ வெளிப்படையாக எழுதினார். மார்ச் 1 அன்று, தானும் வருவதாக அறிவித்தார்.

பலர் இன்றைக்கும் “போராடி அதிகப் பணம் வாங்கிவிட்டார்” என்றே நினைக்கிறார்கள். அவர் பிறகு ரசிகர்கள் கூட்டம் ஒன்றில் சொன்னது வேறு: பணம் கூடவில்லை, மரியாதை கிடைத்தது. எனக்கு இது மனதில் தைத்தது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு பாத்திரத்துக்கு உயிர் கொடுத்தவர், அந்த உயிர் தன்னுடையது என்பதை வாரக்கணக்கில் வாதாடித்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

இது முதல் தடவையும் இல்லை. 2009இல் காமெடி சென்ட்ரலுக்காகத் தொடரை எழுப்பியபோதும் சம்பளத் தகராறு வந்தது. அப்போது தயாரிப்பு நிறுவனம் முக்கியப் பாத்திரங்களுக்கு வேறு குரல் தேடி அறிவிப்பே வெளியிட்டது. அந்த ஜூலை மாதக் கடைசியில் உடன்பாடு ஏற்பட்டு எல்லோரும் திரும்பினார்கள். தொடர் உயிர்த்தெழும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வி எழுகிறது: படம் நிறுவனத்துக்குச் சொந்தம், குரல் யாருக்குச் சொந்தம்?

அப்படியென்ன? நல்ல மிமிக்ரி கலைஞரை வைத்து அதே குரலைச் செய்ய முடியாதா?

குரலைச் செய்யலாம். நேர்மையாகச் சொன்னால் இந்தத் தொடரிலேயே உதாரணம் இருக்கிறது. ரோபோ சாண்டாவுக்கு முதலில் பேசியவர் ஜான் குட்மன். அடுத்த தடவையிலிருந்து டிமாஜியோ பேசினார், கதை பாட்டுக்கு ஓடியது. பில்லி வெஸ்ட்டும் மற்றவர் இடத்தை நிரப்பியவர்தான். பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலுக்குக் காலம் முழுக்கக் குரலாக இருந்த மெல் பிளாங்க் 1989இல் மறைந்த பின், 1996இல் வெளிவந்த ஒரு படத்தில் பக்ஸ் பன்னியாகப் பேசியவர் வெஸ்ட்.

ஆனால் வருடத்துக்கு ஒருமுறை தலைகாட்டும் பாத்திரம் வேறு, வாராவாரம் கூடவே இருக்கும் பாத்திரம் வேறு. மிமிக்ரி செய்பவர் ஏற்கெனவே பேசியதைப் பிடிப்பார். புது வசனம் வரும்போது பெண்டர் எப்படிச் சிரிப்பான், எந்தச் சொல்லை விழுங்குவான், எப்போது சும்மா இருப்பான் என்று முடிவு செய்ய வேண்டும். அதைப் பழைய ஒலிநாடாவிலிருந்து எடுக்க முடியாது. வெஸ்ட் இதில் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். ஃபிரையின் குரல் தன் இயல்பான குரலுக்குப் பக்கத்தில் இருப்பதால் மற்றவர்கள் அதைப் பிடிப்பது கஷ்டம் என்கிறார். யோசித்தால் சரிதான். கோணலான குரலை நகல் எடுத்துவிடலாம், சாதாரணக் குரலை நகல் எடுப்பது சிரமம்.

மொத்தக் குரல்களையும் மாற்றி வென்ற தொடரே இல்லையா என்றால், இருக்கிறது. 1987இல் தொடங்கிய ‘டக்டேல்ஸ்’ 2017இல் புதிதாக வந்தபோது, கஞ்ச மாமா ஸ்க்ரூஜுக்கு டேவிட் டென்னன்ட் குரல் கொடுத்தார். பழைய ஸ்க்ரூஜான ஆலன் யங் 2016இல் காலமாகிவிட்டார். பாத்திரமும் ஸ்காட்லாந்துக்காரர், டென்னன்ட்டும் ஸ்காட்லாந்துக்காரர், நன்றாகவே பொருந்தியது. ஆனால் அது கதையை முதலிலிருந்து புதிதாகச் சொன்ன தொடர். ‘ஃபியூச்சராமா’ அப்படி இல்லை. 2013இல் எந்தத் தருணத்தில் நின்றதோ அதே தருணத்திலிருந்து 2023இல் தொடர்ந்தது. விட்ட மூச்சைத் திரும்பப் பிடிக்க வேண்டுமென்றால் அதே ஆள்தான் வேண்டும்.

வயதானால் குரல் மாறாதா?

மாறும். வெஸ்ட் பிறந்தது 1952இல். ஃபிரையாக முதலில் பேசியபோதே 46ஐத் தாண்டிவிட்டார். 2023இல் அவருக்கு 71, ஃபிரையோ இன்னும் பொறுப்பில்லாத இளைஞன்தான். ஹெட்போனில் பழைய அத்தியாயத்தையும் புதியதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தேன். ஃபிரையின் குரலில் ஒரு சின்னக் கரகரப்பு ஏறியிருக்கிறது, மேலே எழும் இடங்களில் முன்பிருந்த வழுக்கல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் காது அதைத் தேடும். அப்புறம் அவன் ஏதாவது அசட்டுக் கேள்வி கேட்பான், எல்லாம் மறந்துவிடும்.

இன்னொரு தொடரிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். 1993இல் தொடங்கி 1998இல் முடிந்த ‘அனிமேனியாக்ஸ்’, 2020 நவம்பரில் திரும்பியது. அதில் யாக்கோவாகவும் பிங்கியாகவும் பேசிப் பாடும் ராப் பால்சனுக்கு 2016இல் தொண்டைப் புற்றுநோய். கீமோ, கதிர்வீச்சு எல்லாம் அதே தொண்டைக்குத்தான். குரலே தொழிலாக உள்ள மனிதருக்கு அதைவிடக் கொடிய இடத்தில் நோய் வர முடியுமா? அவர் குணமாகி வந்து, நாலே வருடத்தில் அதே பாத்திரங்களாக மூச்சு விடாமல் பாடினார். அவருடன் பேசிய ட்ரெஸ் மெக்நீலும் மோரிஸ் லமார்ஷும் ‘ஃபியூச்சராமா’வில் இருப்பவர்களே. இந்த உலகம் அவ்வளவு சின்னது.

பேசியவர் இறந்துவிட்டால்?

ஒவ்வொரு தொடரும் ஒவ்வொரு மாதிரி முடிவெடுக்கிறது. ‘ஃபியூச்சராமா’வில் குவான்ஸா பண்டிகை ரோபோவுக்கு 2001 முதல் குரல் கொடுத்தவர் ராப் பாடகர் கூலியோ. புது அத்தியாயத்துக்கும் பேசிக் கொடுத்துவிட்டு, 2022 செப்டம்பர் 28 அன்று இறந்தார். 2023இல் வந்த கிறிஸ்துமஸ் அத்தியாயத்தில் அந்தக் குரலை அப்படியே வைத்து, அதை அவருக்கே அர்ப்பணித்தார்கள்.

2025 ஆகஸ்டில் திரும்பி வந்த ‘கிங் ஆஃப் தி ஹில்’ தொடரிலும் இப்படி ஒரு சோதனை. எதற்கும் சதித்திட்டம் கண்டுபிடிக்கும் பக்கத்து வீட்டு டேலாகப் பேசிய ஜானி ஹார்ட்விக் 2023 ஆகஸ்டில் இறந்தார். அதற்குள் சில அத்தியாயங்களுக்குப் பேசியிருந்தார். மீதிக்கு டோபி ஹஸ் பேசினார். புது ஆளை வெளியிலிருந்து கூட்டிவராமல், அதே தொடரில் வருடக்கணக்காக ஹார்ட்விக்கோடு வேலை செய்தவரிடமே கொடுத்தார்கள். இதைவிடக் கண்ணியமான வழி எனக்குத் தோன்றவில்லை.

லீலாவுக்குக் குரல் கொடுப்பவர் பாடகியாமே?

ஆமாம். கேட்டி சேகல் நடிகையாகப் பெயர் வாங்குவதற்கு முன்பே பாப் டிலன், பெட் மிட்லர் போன்றோருக்குப் பின்னணி பாடியவர். லீலாவுக்கு அவர் குரலை மாற்றுவதே இல்லை, தன் குரலிலேயே பேசுகிறார். சுற்றி எல்லோரும் கோமாளிக் குரலில் கத்தும்போது நடுவில் ஒரு நிஜ மனுஷி பேசுவது போல இருப்பது அதனால்தான். தொடக்கத்தில் வேறொரு நடிகைதான் அந்தப் பாத்திரத்துக்குத் தேர்வாகியிருந்தார், பிறகு சேகலிடம் வந்தது. அப்படி மாறாமல் இருந்திருந்தால் இந்தத் தொடர் எப்படி இருந்திருக்கும் என்று என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

விருதெல்லாம் கிடைத்திருக்கிறதா?

லமார்ஷ் இந்தத் தொடருக்காக 2011, 2012 என்று அடுத்தடுத்து இரண்டு எம்மி தொலைக்காட்சி விருதுகள் வாங்கினார். முதலாவதில் அவர் பேசிய பாத்திரங்களில் ஒன்று இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் தலை. வெல்ஸ் குரல் லமார்ஷுக்குக் கைவந்த கலை. ‘அனிமேனியாக்ஸ்’ தொடரில் உலகத்தைப் பிடிக்கத் திட்டம் போடும் பிரெய்ன் என்ற எலியின் குரல் அதிலிருந்து வந்ததுதான். 1994இல் வந்த ‘எட் வுட்’ படத்தில் வெல்ஸாக நடித்தவர் வேறு, ஒலிக்கும் குரல் லமார்ஷுடையது.

எல்லோரும் ஒரே அறையில் நின்று பேசுகிறார்களா?

நகைச்சுவைக்கு அதுதான் நல்லது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் திரும்பக் கொடுக்கும் வேகம், எதிரில் ஆள் நின்றால்தான் வரும். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு இந்தத் தொழிலே மாறிவிட்டது. வீட்டில் ஒரு சின்ன அறையைப் பஞ்சு அடைத்து ஸ்டுடியோ ஆக்கிக்கொண்டவர்கள் ஏராளம். துணி அலமாரிக்குள் மைக் வைத்துப் பேசியவர்களும் உண்டு, தொங்கும் துணிகள் எதிரொலியைக் குடித்துவிடும். தனித்தனியாகப் பேசினாலும் சேர்ந்து பேசிய மாதிரி இருக்க வேண்டுமென்றால், எதிராளி எப்படிப் பேசுவார் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். இருபது வருடம் பழகியவர்களால் அது முடியும்.

ஓர் இனத்தவரின் பாத்திரத்துக்கு இன்னொருவர் பேசலாமா என்ற விவாதம்?

2020க்குப் பிறகு பல கார்ட்டூன்கள் இதில் மாறின. ‘கிங் ஆஃப் தி ஹில்’லில் லாவோஸ் நாட்டிலிருந்து குடியேறிய கான் பாத்திரத்தைப் பழைய தொடரில் பேசியது வெள்ளையரான டோபி ஹஸ். புதியதில் மலேசியாவில் பிறந்த ரோனி சியெங் பேசுகிறார். இது சரியான மாற்றம் என்றே நினைக்கிறேன். பழைய குரல்மேல் உள்ள பாசத்தையும் மீறி மாற்ற வேண்டிய இடங்கள் உண்டு. அதே தொடரில் கானின் மனைவி, மகள் இருவருக்கும் பேசுபவர் நம் ஏமி, அதாவது லாரன் டாம்.

இனி செயற்கை நுண்ணறிவே இந்தக் குரல்களைச் செய்துவிடுமே?

ஒலியைச் செய்யும். பெருமூச்சையும் செய்யலாம். ஆனால் கிஃப் அந்த இடத்தில் பெருமூச்சு விட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? 2023இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, அனுமதியில்லாமல் ஒருவரின் குரலையும் உருவத்தையும் நகலெடுப்பது பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. அனிமேஷனுக்கு ஒப்பந்தம் தனி என்றாலும் குரல் நடிகர்களின் கவலை அதேதான். கேட்டு, சம்மதம் வாங்கி, பணம் கொடுத்துச் செய்வது ஒன்று. பழைய பதிவுகளைத் தின்னக் கொடுத்துவிட்டு ஆளை வெளியே நிறுத்துவது வேறு. இரண்டாவதை நான் ஒருபோதும் பார்க்க மாட்டேன்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

“பார்க்க” என்று கேட்காமல் “கேட்க” என்று கேட்டீர்களே, அதற்கே ஒரு நன்றி. 2017 செப்டம்பரில், தொடர் நின்றுபோயிருந்த காலத்தில், ஒரு பாட்காஸ்டில் ‘ரேடியோராமா’ என்று ஓர் அத்தியாயம் வந்தது. பழைய நடிகர்கள் எல்லோரும் சேர்ந்து முழுக்கதை ஒன்றை நடித்தார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஓடும். ஒரு படம்கூடக் கிடையாது, குரல் மட்டும்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டேன். பேராசிரியர் வழக்கம்போல “நல்ல செய்தி!” என்று நடுங்கும் குரலில் தொடங்கியதும், அந்தக் கம்பெனிக் கூட்ட மேசை, மூலையில் ஸாய்ட்பெர்க், நாற்காலியில் கால் நீட்டிய பெண்டர் எல்லாரும் இருட்டுக்குள் தெரிந்தார்கள். முதலில் இரண்டு மூன்று சாதாரண அத்தியாயங்களைப் பார்த்து முகங்களைப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம் இதைப் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு.